அறிக்கையின் கடைசி வரி

டைப் அக்கா முப்பத்தோரு வருஷமாக மற்றவர்கள் சொன்னதைத் தட்டச்சு செய்து வருகிறவள். இத்தனை வருஷத்தில் தன் சொந்தச் சொல் ஒன்றைக்கூட அடுத்தவர் காகிதத்தில் சேர்த்ததில்லை. நகை நட்டு, வீடு வாசல் எதிலும் பெருமை பாராட்டத் தெரியாத அவளுக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கர்வம் உண்டு. "சொன்னத அடிப்பேன். சொல்லாதத அடிக்க மாட்டேன்" என்பாள். அப்படிச் சொல்லும்போது மூக்குக்கண்ணாடி தானாக ஒரு அங்குலம் மேலே ஏறிக்கொள்ளும்.

வேலை ஒரு ஸ்கேன் சென்டரில். காத்திருப்பவர்களின் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கும் ஸ்கேன் அறையின் இருட்டுக்கும் நடுவே, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவளுடைய மேஜை. அறைக்கும் மேஜைக்கும் இடையில் ஒரு பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கமிருந்து டாக்டரம்மா அளவுகளைச் சொல்வார். தலைச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம், நீரின் அளவு. திரைக்கு இந்தப் பக்கம் அக்காவின் விரல்கள் ஓடும். 'இதயத் துடிப்பு சீராக உள்ளது' என்ற வரியை எத்தனை ஆயிரம் தடவை அடித்திருப்பாளோ, அவளுக்கே கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் நெஞ்சுக்குள் ஏதோ ஒரு முடிச்சு இளகும். சில நாட்களில் டாக்டரம்மா பாதியில் பேச்சை நிறுத்திவிடுவார். ஒரு மூச்சு நேரம் என்றால் பயமில்லை. மூன்று மூச்சு நேரம் ஆகிவிட்டால் அக்கா விரல்களை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள்.

எந்த அறிக்கையானாலும் கடைசியில் ஒரு வரி உண்டு. 'இந்த அறிக்கையை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்; சம்பந்தப்பட்டவரை நேரில் பார்த்தவரின் கருத்தோடு சேர்த்துப் படிக்கவும்.' முதலில் 'நோயாளியை' என்றுதான் இருந்தது. டாக்டரம்மாதான் மாற்றச் சொன்னார். "பிள்ளைய வயித்துல சுமந்துக்கிட்டு வர்றவ என்ன நோயாளியா? சம்பந்தப்பட்டவர்னு போடுங்க" என்றார். அந்த வரியைத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டாமென்று கம்ப்யூட்டர்காரர் ஒருவர் கீபோர்டின் மேல்வரிசையில் ஒரு பொத்தானுக்கு அதைப் பழக்கிவிட்டுப் போயிருந்தார். பக்கம் முடிந்ததும் அந்தப் பொத்தானை ஒரு தட்டு. வரி பொத்தென்று வந்து விழும். உடனே பிரிண்ட். கை இதற்கு மூளையைக் கேட்பதில்லை.

அந்த வட்டாரத்துக்கு அது ஒரே ஸ்கேன் சென்டர். அவள் போகிற சர்ச்சில் பாதிப் பெண்களின் வயிற்றுக்குள் இருந்ததை அவள்தான் தாளில் ஏற்றியிருக்கிறாள். யாருக்கு இரட்டை, யாருக்கு மூன்றாம் மாதத்திலேயே நின்றுபோனது, யார் பேரைச் சொல்லாமல் வந்தார்கள், எல்லாம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச் வாசலில் நிற்கும்போது அவள் எல்லோருடைய முகத்தையும் பார்ப்பாள். கழுத்துக்குக் கீழே பார்வையை இறக்கவே மாட்டாள். அது அவளாகப் போட்டுக்கொண்ட சட்டம்.

இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சபைக் கமிட்டியின் செயலாளரும் அவள்தான். வியாழக்கிழமை சாயங்காலம் கமிட்டி கூடினால் யார் என்ன சொன்னாலும் அப்படியே எழுதி, மறுநாள் மதிய இடைவேளையில் அடித்துவைத்துவிடுவாள்.

"அக்கா, நான் தும்மினதைக்கூட மினிட்ஸ்ல ஏத்திடுவீங்க போல" என்று ஒருமுறை மருந்துக்கடைத் தம்பி கேலி செய்தார்.

"தீர்மானமாத் தும்முங்க தம்பி, ஏத்தறேன்" என்றாள்.

இப்படிப்பட்டவளுக்கு அந்த வருஷம் ஒரு சோதனை வந்தது.

வேறு நகரத்தில் வேலை பார்க்கும் அவளுடைய ஒரே மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் செய்தான். இரண்டு வருஷத்துக்கு முன்பே, தான் யாரோடு வாழ்கிறேன் என்பதை அவன் சொல்லிவிட்டான். தன்னைப் போலவே ஓர் ஆண். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அன்றைக்கு அக்கா அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். அதற்கப்புறம் இரண்டு வருஷமாக அவர்கள் பேச்சு சாப்பாட்டைத் தாண்டிப் போகவில்லை. இப்போது அவன் தாண்டினான்.

"அம்மா, நாங்க கல்யாணம் பண்ணிக்கப் போறோம். அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழமை. சட்டத்துல இடமில்ல, அதனால ஒரு சின்ன ஹால்ல. இருபது பேருதான்."

அக்கா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"நீ ஒத்துக்கணும்னு நான் கேக்கலம்மா. வந்து உக்காரணும்னுதான் கேக்கறேன்."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். உங்கம்மா எங்க உக்காந்தாலும் நான் பக்கத்துல உக்காருவேன்னாரு."

அவள் வீட்டுக்காரர் குழாய் வேலை செய்கிறவர். நாலு வார்த்தையில் முடிகிற விஷயத்துக்கு அஞ்சாவது வார்த்தை செலவழிக்க மாட்டார். அன்று சாயங்காலம் குழாய் மூட்டில் சுற்றும் நூலோடு அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"போறோமா?"

"தெரியல."

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரிஞ்சதும் சொல்லு. டிக்கெட் போடணும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினார்.

அக்காவுக்கு நிஜமாகவே தெரியவில்லை. மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்பது அதில் பாதிதான். மீதிப் பாதி அவளுக்கும் அவள் வேதத்துக்கும் நடுவில் இருந்தது. திருமணம் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் என்று சின்ன வயசிலிருந்து கேட்டு, நம்பி, அப்படியே வாழ்ந்தவள். அந்த நம்பிக்கையைச் சட்டைபோலக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போக அவளால் முடியாது. பத்து மாதம் சுமந்தவனின் கல்யாண நாளில் வீட்டில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருக்கவும் முடியாது. போய் உட்கார்ந்தால் பொய்யா? போகாவிட்டால் அது பொய் இல்லையா? ஜெபம் செய்ய உட்கார்ந்தால் முதல் வார்த்தையிலேயே சிக்கிக்கொண்டது.

இந்தச் சமயம் பார்த்துத்தான் சபைகளுக்கெல்லாம் மேலான அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கருக்கலைப்பு, ஒரே பாலினத்தவர் திருமணம், இந்த இரண்டிலும் உங்கள் சபையின் நிலைப்பாடு என்ன, மாத முடிவுக்குள் எழுதி அனுப்புங்கள் என்றது கடிதம்.

கமிட்டியில் ஐந்து பேர். பாஸ்டர் இளவயசு, மென்மையானவர். எதைச் சொன்னாலும் கடைசியில் "இல்லையா?" என்று சேர்த்துக்கொள்வார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா இருப்பதால் அவர் காதில் விழாதபடி எல்லோரும் அவரைச் சிவப்பு மை என்பார்கள். வாழ்த்து அட்டை வந்தால்கூடப் பிழை திருத்திவிட்டுத்தான் மேஜைமேல் வைப்பார். அப்புறம் மருந்துக்கடைத் தம்பி, மாதர் சங்கத் தலைவியம்மா, டைப் அக்கா.

சர்ச்சுக்குப் பின்னாலிருக்கும் சின்ன அறை. நீளமான மேஜை ஒன்று, அதன் ஒரு கால் அடியில் மடித்த அட்டை. மூன்று வியாழக்கிழமை பேசினார்கள். அக்கா தலை நிமிராமல் எழுதினாள்.

"உயிர் கொடுக்கறது நம்ம இல்ல. அப்ப எடுக்கறதும் நம்ம இல்ல. இதுல என்ன பேச்சு?" என்றார் சிவப்பு மை.

"பேச்சு இருக்கு சார்" என்றார் மருந்துக்கடைத் தம்பி. "அந்த மாத்திரைய நான் விக்கறதில்ல. என் மனசுக்கு ஒப்பல. கேட்டு வர்ற பொண்ணுங்ககிட்ட இல்லன்னுதான் சொல்றேன். ஆனா அவங்க திரும்பிப் போறப்ப முதுகப் பாக்கறேன் பாருங்க, அன்னைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்காது. நான் சரியாத்தான் செஞ்சேன். அப்புறம் ஏன் இறங்கல? அதையும் எங்கயாவது எழுதணும்ல?"

"எழுதறதுக்கு அது நிலைப்பாடு இல்லப்பா. அஜீரணம்."

தலைவியம்மா சிரிக்கவில்லை. "பெத்துக்கோன்னு சொல்றோம் சார். சந்தோஷம். பெத்தவ வீட்டுக்குப் பால் டின் வாங்கிட்டுப் போனது இந்தச் சபையில எத்தனை பேரு? கையத் தூக்குங்க பாப்போம்."

யாரும் கையைத் தூக்கவில்லை. பாஸ்டர் மட்டும் பாதி தூக்கிவிட்டுத் தலையைச் சொறிவதுபோல் இறக்கிக்கொண்டார்.

திருமண விஷயம் வந்தபோது அதே தலைவியம்மா இரும்பாக மாறினார். "இதுல மட்டும் என்னை அசைக்க முடியாது. படைச்சவரு ரெண்டா படைச்சாரு. கல்யாணம்னா அதுதான்." அக்காவின் பேனா அந்த வாக்கியத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதியது. அவளும் அதைத்தானே நம்புகிறாள். எழுதும் கை மட்டும் கொஞ்சம் குளிர்ந்திருந்தது.

மூன்றாவது வியாழன் முடிவில் சிவப்பு மை எல்லாவற்றையும் நான்கு பத்தியாகச் சொல்ல, அக்கா எழுதிக்கொண்டாள். முதல் பத்தி, கருவிலிருக்கும் உயிரும் கடவுளின் கொடை. இரண்டாவது, கருக்கலைப்பை எந்தச் சூழலிலும் சபை ஏற்காது. அதற்கு உடன்பட்டவர்கள் ஒரு வருஷம் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு வரக் கூடாது. மூன்றாவது, திருமணம் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலானது. நான்காவது, ஒரே பாலினத்தவர் திருமணத்தில் போய்க் கலந்துகொள்ளும் எவரும் சபைப் பொறுப்பிலிருந்து விலக வேண்டும்.

நான்காவது பத்திக்கு முற்றுப்புள்ளி வைத்தபோது அக்காவின் பேனா தாளில் கொஞ்சம் ஆழமாகவே இறங்கிவிட்டது.

"அடுத்த வாரத்துக்குள்ள அடிச்சு எல்லார் வீட்டுக்கும் அனுப்பிடும்மா. படிச்சிட்டு வந்து கையெழுத்துப் போடுவோம்" என்றார் சிவப்பு மை.

நிற்க. சிவப்பு மையைப் பற்றி அக்காவுக்குத் தெரிந்த ஒன்று அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாள். அவர் தன் மகளோடு ஸ்கேன் சென்டரின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகளுக்கு ஐந்தாம் மாதம். திரைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மாவின் பேச்சு நின்றது. ஒரு மூச்சு, இரண்டு, மூன்று, நாலு. பிள்ளைக்கு மண்டை ஓடு உருவாகவே இல்லை. அந்த அறிக்கையை அக்காதான் அடித்தாள். தாளை நீட்டியபோது அவர் வழக்கம்போலச் சிவப்புப் பேனாவை எடுத்தார். எடுத்து, தாளைப் பார்த்து, பேனாவைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார். அப்புறம் என்ன நடந்தது என்பது அக்காவுக்குத் தெரியாது. அந்த மகள் ஆறு மாதம் சர்ச்சுக்கு வரவில்லை. வந்தபோது அக்கா முகத்தை மட்டும் பார்த்தாள். அவரும் அக்காவும் அதைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. இரண்டாவது பத்தியில் அவர் "எந்தச் சூழலிலும்" என்று சொன்னபோது அக்கா நிமிர்ந்திருக்கலாம். ஒரு பார்வை போதும், மனிதர் ஆடிப்போயிருப்பார். அவள் நிமிரவில்லை. திரைக்குப் பின்னால் கேட்டதை மேஜைமேல் எடுத்துப்போட அவளுக்குக் கை வராது.

அடுத்த புதன்கிழமை மதிய இடைவேளையில் அறிக்கையை அடிக்க உட்கார்ந்தாள். அதற்கு முன் ஒரு சின்னக் காகிதம் அடித்தாள். 'சபைச் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன். காரணம் சொந்தக் காரணம்.' இரண்டே வரி. அவள் வாழ்க்கையில் தனக்காக அடித்த முதல் காகிதம் அதுதான். கல்யாணத்துக்குப் போவதென்று முடிவு எடுத்தாளா என்றால் அதுவும் இல்லை. போனாலும் போகாவிட்டாலும் அந்த நான்காவது பத்தியை மாதா மாதம் கையில் வைத்துக்கொண்டு உட்கார முடியாது என்பது மட்டும் தெரிந்துவிட்டது. பிரிண்ட் எடுத்து மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். பிறகு நான்கு பத்திகளையும் அடித்தாள். கண் தளும்பிக்கொண்டிருந்தது. கண்ணாடித் தடுப்பை யாரோ மோதிரத்தால் தட்டி, "ரிப்போர்ட் ஆச்சா?" என்றார்கள். ஐந்து பிரதி எடுத்தாள். சாயங்காலம் மருந்துக்கடைத் தம்பியிடம் கொடுத்து எல்லார் வீட்டுக்கும் சேர்க்கச் சொன்னாள்.

வியாழக்கிழமை காலை காபி குடிக்கும்போதுதான் தன் பிரதியைப் பிரித்தாள். நான்காவது பத்திக்குக் கீழே, நடுவில், அழகாக நின்றது:

'இந்த அறிக்கையை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்; சம்பந்தப்பட்டவரை நேரில் பார்த்தவரின் கருத்தோடு சேர்த்துப் படிக்கவும்.'

முப்பத்தோரு வருஷக் கர்வம் ஒரு பொத்தானில் போயிற்று. நான்கு வீட்டுக்கும் தாள் போய்ச் சேர்ந்தாகிவிட்டது. வேறு எந்தத் தாளில் விழுந்திருந்தாலும் கைத்தவறு என்று சொல்லிச் சிரித்துவிடலாம். இதில் விழுந்திருக்கிறதே! நாளைக்கு மகன் விஷயம் வெளியே வரும்போது என்ன சொல்வார்கள்? பிள்ளைக்காகச் சபை அறிக்கையிலேயே கையை நுழைத்தவள் என்பார்கள். எழுதி வைத்த இருபத்திரண்டு வருஷ மினிட்ஸையும் சந்தேகத்தோடு புரட்டுவார்கள்.

"என்ன, மூஞ்சி இப்படி இருக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

தாளைக் காட்டினாள். அவர் நின்றபடியே படித்தார். மேலிருந்து கீழ்வரை வந்து, கடைசி வரியில் கொஞ்சம் தங்கினார்.

"இதுல கடைசி வரி ஒண்ணுதான் எனக்குப் புரியுது" என்றார்.

"அதுதாங்க தப்பு!"

"ஓஹோ" என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அன்று சென்டரில் பதினாலு அறிக்கை. ஒவ்வொன்றின் முடிவிலும் பொத்தானை அமுக்கும் முன் விரலைக் காற்றில் நிறுத்தி, இது யாருடைய காகிதம் என்று பார்த்துவிட்டு அமுக்கினாள். டாக்டரம்மா திரையை விலக்கி, "என்ன இன்னைக்கு வண்டி ஸ்பீட் பிரேக்கர் ரோட்ல போகுது?" என்று கேட்டார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். ஐந்து தாள்கள் மேஜைமேல். சிவப்பு மையின் தாள் மட்டும் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. எத்தனை சிவப்பு உள்ளே இருக்கிறதோ என்று அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாஸ்டர் ஜெபத்தை முடிப்பதற்குள், அவளே எழுந்துவிட்டாள். கமிட்டியில் அவள் எழுந்து நின்றதை யாரும் பார்த்ததில்லை.

"கடைசி வரி என்னோட தப்பு" என்றாள். குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. "ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு வர்ற வரி அது. பழக்கதோஷத்துல கை அமுக்கிடுச்சு. நீங்க யாரும் சொல்லல. நான் எழுதியிருக்கக் கூடாது."

"அட, நான் பாஸ்டர் சேத்ததுன்னு நெனச்சேன்" என்றார் மருந்துக்கடைத் தம்பி.

"நான் சார் சேத்ததுன்னு நெனச்சேன். நல்லாத்தான் இருக்கு, இல்லையா?" என்றார் பாஸ்டர்.

"நான் கடைசி வரைக்கும் படிக்கவே இல்ல" என்று தலைவியம்மா நேர்மையாக ஒப்புக்கொண்டு இப்போது படிக்க ஆரம்பித்தார்.

அதோடு உட்கார்ந்திருக்கலாம். கைத்தவறு என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டாயிற்று. ஆனால் சொன்னதையெல்லாம் முழுதாக எழுதுகிறவளுக்குப் பாதியைச் சொல்லிவிட்டு உட்காரத் தெரியவில்லை.

"இன்னொண்ணும் இருக்கு. என் மகன் அடுத்த மாசம் கல்யாணம் பண்ணிக்கறான். நாலாவது பத்தியில இருக்கற கல்யாணம். வந்து உக்காருன்னு கேட்டிருக்கான். இது தெரியாம நீங்க அந்த வரிய அழிச்சாலும் தப்பு, வெச்சாலும் தப்பு. அதனால சொல்லிட்டேன்."

வெளியே யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போடும் சத்தம். தலைவியம்மா தாளிலிருந்து தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தார். கண்ணாடி போட்ட, கண் சிவந்த, இருபத்திரண்டு வருஷமாக எதிரில் உட்கார்ந்திருந்தும் அதுவரை சரியாகப் பார்க்காத ஒரு முகம்.

சிவப்பு மை தாளைத் திருப்பினார். அதில் ஒரு சிவப்புக்கூட இல்லை.

"இந்த வரிய எனக்குத் தெரியும்" என்றார். சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், மாட்டினார். "டைப் அம்மாவுக்கும் தெரியும், எனக்குத் தெரியும்னு. அஞ்சு வருஷமா ஒரு வார்த்தை வெளிய விடல."

அக்கா தரையைப் பார்த்தாள்.

"என் மகளோட ரிப்போர்ட்ல கடைசியில இது இருந்தது. பிள்ளைக்குத் தலையே ஒழுங்கா வரல. படிச்சிட்டு நான் அவகிட்ட சொன்னது என்ன தெரியுமா? கடவுள் குடுத்தது, நம்ம கைய வைக்கக் கூடாது. அவ ஒண்ணும் பேசல. இந்த வரியக் காட்டினா. நேர்ல பாத்தவர்ட்டயும் கேக்கச் சொல்லியிருக்கேப்பான்னா. கூட்டிட்டுப் போனேன். பெரிய டாக்டர் அவளப் பாத்தாரு. பிள்ளை பொழைக்காது, இவளுக்கும் ரத்தக் கொதிப்பு ஏறிக்கிட்டே இருக்கு, காத்திருந்தா இவளையும் விட்டுடுவோம்னாரு. நான்தான் கையெழுத்துப் போட்டேன்." பேனா மூடியை மறுபடி கழற்றினார். "இப்ப அவளுக்கு ரெண்டு வயசுல ஒரு பொண்ணு. போன வாரம் என் பேனாவ எடுத்துச் செவுத்துல கிறுக்கிட்டா."

"அப்புறம் ஏன் சார் 'எந்தச் சூழலிலும்'னு சொன்னீங்க?" மருந்துக்கடைத் தம்பியின் குரலில் கேலி இல்லை.

"நான் பண்ணது தப்பா சரியான்னு எனக்கு இன்னிக்கும் தெரியலப்பா. தெரியாததால கெட்டியா எழுதினேன். கெட்டியா எழுதிட்டா அடங்கிடும்னு நெனச்சேன்." பேனாவால் இரண்டாவது பத்தியைத் தொட்டார். "இதுப்படி பாத்தா என் மக ஒரு வருஷம் திருவிருந்துக்கு வரக் கூடாது. நானும்தான். நேத்து இதப் படிச்சப்பதான் அது உறைச்சுது. எழுதறப்ப யாரோ ஒருத்தரப் பத்தி எழுதற மாதிரி இருந்தது."

அன்றைக்குப் பாஸ்டர் 'இல்லையா' சேர்க்காமல் பேசினார். "ஒண்ணாவது பத்தியும் மூணாவது பத்தியும் நம்ம நம்பறது. அது அப்படியே இருக்கட்டும். அதுல யாருக்கும் மாத்துக் கருத்து இல்ல. ரெண்டுலயும் நாலுலயும் இருக்கற தண்டனை நம்ம சேத்தது. அத எடுத்துடலாம். யாராவது அந்த நெலமையில வந்தா, தாளப் பாத்து முடிவு பண்ண வேண்டாம். போய்ப் பாப்போம். உக்காந்து கேப்போம். அதுக்கப்புறம் சொல்ல ஏதாவது இருந்தா சொல்லுவோம்."

"அப்ப இந்தக் கடைசி வரி?" என்றார் தம்பி.

எல்லாரும் சிவப்பு மையைப் பார்த்தார்கள். அவர் பேனாவை எடுத்து இரண்டாவது பத்தியில் 'எந்தச் சூழலிலும்' என்ற இரண்டு சொற்களையும் கோடு போட்டு அடித்தார். அப்புறம் 'அதற்கு உடன்பட்டவர்கள்' தொடங்கி 'வரக் கூடாது' வரை ஒரு நீளக் கோடு. நான்காவது பத்திக்கு மேலிருந்து கீழே ஒரு கோடு. கடைசி வரியில் பேனா முனை வந்து நின்றது. அரைப்புள்ளியைக் கொஞ்ச நேரம் முறைத்தது.

"பிழை இல்ல. இருக்கட்டும்" என்றார்.

தலைவியம்மா தன் தாளை மடித்தார். "நான் ஒண்ணு சொல்றேன், அப்படியே எழுதிக்குங்க. அந்தக் கல்யாணம் கல்யாணம்னு நான் இன்னும் ஒத்துக்கல. ஒத்துக்கவும் மாட்டேன்."

அக்கா பேனாவைத் தேடினாள்.

"எழுதிட்டீங்களா? அடுத்தது. பெத்தவளப் போகாதன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அதையும் எழுதுங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பையன் நல்லா சாப்பிடறானா? முன்னாடி ஒல்லியா இருப்பான்" என்றார். அதையும் அக்கா எழுதிவிட்டாள். பிறகுதான் அது தீர்மானம் இல்லை என்று தெரிந்து கோடு போட்டு அடித்தாள். மருந்துக்கடைத் தம்பி எட்டிப் பார்த்து உரக்கச் சிரித்துவிட்டார். சிவப்பு மைகூட மூக்கால் ஒரு தடவை சிரித்தார். மேஜை ஆடியது. அட்டை நழுவியது; குனிந்து எல்லாருமாக அதைத் திரும்பச் செருகினார்கள்.

வெளியே வந்தபோது இன்னும் வெளிச்சம் மிச்சம் இருந்தது. வாசலில் சிவப்பு மை செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அவள் பக்கம் திரும்பாமலே, "நீங்க அஞ்சு வருஷத்துல ஒரு தடவை ஜாடையாக் கேட்டிருந்தாலும் நான் இந்தப் பக்கம் தலை வெச்சிருக்க மாட்டேன்மா" என்றார்.

"என்ன சார் நீங்க. முகத்த மட்டும்தானே பாப்பேன் நான்" என்றாள் அக்கா.

வீட்டுக்கு வந்ததும் கைப்பையை மேஜைமேல் கவிழ்த்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். ஒரு சொம்பு முழுக்கக் குடித்தாள். தோள் இரண்டும் இறங்கியிருந்தன. எத்தனை நாளாக அவற்றைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள் என்பதே அப்போதுதான் தெரிந்தது. வீட்டுக்காரர் சில்லறையோடும் சாவியோடும் விழுந்து கிடந்த ஒரு மடித்த தாளை எடுத்துப் பிரித்தார்.

"ராஜினாமாவா?"

"அது இனிமே வேண்டாங்க. கிழிச்சுப் போடுங்க."

அவர் கிழிக்கவில்லை. படித்தார். அவர் தோள் மெல்லக் குலுங்க ஆரம்பித்தது.

"என்னங்க?"

"இதுலயும் வந்து விழுந்திருக்கே" என்று தாளைத் திருப்பிக் காட்டினார். 'காரணம் சொந்தக் காரணம்' என்பதற்குக் கீழே, நடுவில், அழகாக, அதே வரி. "சம்பந்தப்பட்டவள நேர்ல பாத்தவன் நான்தான். என் கருத்து என்னன்னா, நீ போகணும்னு என்னைக்கோ முடிவு பண்ணிட்ட. டிக்கெட் போட்டுடவா?"

அவர் வாயிலிருந்து ஒரே மூச்சில் அத்தனை வார்த்தைகளை அவள் கேட்டதில்லை. புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பா, அழுகையா என்று பிரிக்க முடியாத ஒன்று வந்து போனது. போனை எடுத்து மகனை அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"அம்மா?"

"சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல."

"அந்த வாத்தியார் பையன்?"

அந்தப் பக்கம் ஒரு மூச்சு நேரம் சத்தமில்லை. இரண்டு மூச்சு. அக்கா தன்னையறியாமல் இன்னொரு கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவனும் இன்னும் சாப்பிடலம்மா. சேந்துதான் சாப்பிடுவோம்."

"இங்க பாருப்பா. என் மனசுல எல்லாம் தெளிஞ்சிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். தெளியல. ஆனா நான் வருவேன். வந்து உக்காருவேன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதாம்மா கேட்டேன்" என்றான்.

"ஒண்ணு மட்டும் பாத்துக்கோ. பிளாஸ்டிக் நாற்காலி போடாத. முப்பத்தோரு வருஷமா பாத்துட்டேன், அதுல உக்காந்தா எனக்கு ஏதோ ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கற மாதிரியே இருக்கும்."

"சாய்வு நாற்காலியே போடறேன்மா."

"முதுகு சாஞ்சாப் போதும்" என்றாள் டைப் அக்கா.